கோர்ட் கலையும் வரை

நீங்கள் போலீஸ் இல்லையே அக்கா? வக்கீலும் இல்லையே? சரி. மடியில் ஃபைல் இருக்கிறதே என்று கேட்டேன். உங்களுக்கும் கேஸா? சொல்ல வேண்டாம், விடுங்கள். அடுத்தவர்கள் கதை கேட்க எனக்குப் பொறுமை கிடையாது. எனக்கே சொல்ல ஒன்று இருக்கிறது. ஒன்றரை மாசமாகத் தொண்டையிலேயே நிற்கிறது. உங்களை இதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை, இனிமேலும் பார்க்கப் போவதில்லை. அதனால்தான் அத்தனை பெஞ்சு காலியாக இருந்தும் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

அதோ, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறாரே, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி, அவர்தான் எங்கப்பா. காசிராஜன். ஆட்டோ ஓட்டுகிறார். ஓட்டினார். குடித்துவிட்டு ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார் என்று கேஸ். பக்கத்தில் மஞ்சள் பையோடு நிற்பது எங்கம்மா.

போலீசுக்கு போன் போட்டு அவரைப் பிடித்துக் கொடுத்தது நான்தான்.

அப்படிப் பார்க்காதீர்கள், அவர்கள் திரும்பிவிடுவார்கள். ஆமாம், நான்தான். யாருக்கும் தெரியாது. எங்கப்பாவுக்குத் தெரியாது, எங்கம்மாவுக்குத் தெரியாது, ஸ்டாண்டில் ஒருவருக்கும் தெரியாது. வேறொரு ஆள்தான் சொன்னார் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். இன்றைக்குச் சாயங்காலம் அந்த ஆளின் வண்டி நம்பரை ஸ்டாண்டு போர்டிலிருந்து அழிக்கப் போகிறார்கள். பெயிண்டருக்குச் சொல்லியாகிவிட்டது.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். உங்கள் கேஸை இப்போது கூப்பிட மாட்டார்கள். பதினொன்றரை ஆகிறது, இன்னும் ஹெல்மெட் கேஸே முடியவில்லை.

என் பெயர் முத்துப்பிரியா. பதினேழு வயது. பத்தாவது இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் கணக்கில் போய்விட்டது. மூன்றாவது தடவை எழுது என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டுச் செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். வருகிறவர்கள் காலில் செருப்பை மாட்டிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் கழற்றி, வேறு மாட்டி. நாள் முழுக்க அடுத்தவர்கள் குதிகால்தான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. படிக்கச் சொல்லாமல் இருந்தால் போதும்.

எங்கப்பா தினமும் மத்தியானம் ஒரு குவார்ட்டர் போடுவார். தினமும். சோகத்தில் குடித்தார், கஷ்டத்தில் குடித்தார் என்றெல்லாம் நான் கதை விட மாட்டேன். மத்தியானம் ஆனதால் குடித்தார். அப்புறம் சாப்பிடுவார், கொஞ்சம் படுப்பார், மூன்று மணிக்கு எழுந்து முகம் கழுவி ஸ்கூலுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போவார். ஏழு பிள்ளைகள். முன்னால் அவர் பக்கத்தில் ஒன்று, பின்னால் ஆறு. எல்லாருக்கும் தெரியும் அக்கா. பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கே தெரியும். "காசி அண்ணன் போட்டிருந்தாலும் வண்டி நூல் பிடிச்ச மாதிரி போகும்" என்பார்கள். நானே கடையில் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்படியென்றால் திடீரென்று ஏன் போன் போட்டாய் என்றுதானே கேட்கிறீர்கள்? பிள்ளைகளைக் காப்பாற்ற என்று நினைத்துவிடாதீர்கள். நானும் நாலைந்து நாள் அப்படி நினைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.

அன்றைக்கு வியாழக்கிழமை. பன்னிரண்டரை இருக்கும். எங்கப்பா கடைக்கு வந்தார், செருப்பு வார் அறுந்துவிட்டது என்று. வாசலில் ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரமே போட்டிருந்தார். போட்டிருந்தால் ரொம்ப மரியாதையாகப் பேசுவார். போடாவிட்டால்தான் எரிந்து விழுவார்.

"முதலாளி, வணக்கம். நல்லா இருக்கீங்களா முதலாளி?"

எங்கள் முதலாளி நல்ல மனுசன். "வாங்க காசி. உங்க பொண்ணைத்தான் திங்கக்கிழமையிலேர்ந்து பில்லுல உக்கார வைக்கலாம்னு இருக்கேன்" என்றார். பில் போடுகிற இடத்தில் நாற்காலி உண்டு, ஃபேன் உண்டு, கம்ப்யூட்டர் உண்டு. நான் எட்டு மாசமாக அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கப்பா என்ன சொன்னார் தெரியுமா? "யாரு, இவளையா? கணக்குலயே ரெண்டு தடவை விழுந்தவ முதலாளி! இவ பில்லு போட்டா ஒத்தைக் கால் செருப்புக்குத்தான் காசு வாங்குவா."

கடையே சிரித்தது. முதலாளி சிரித்தார். செருப்பு வாங்க வந்த ஒரு ஆச்சி ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டே சிரித்தது. எங்கப்பாவும் சிரித்தார், பாசமாகத்தான் சிரித்தார். என் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் புதுச்செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பத்து நிமிஷம் கழித்து முதலாளி என்கூட வேலை பார்க்கிற பெண்ணிடம், "ஜோதி, திங்கக்கிழமை நீ பில்லுல உக்காரும்மா. பிரியா இப்போதைக்கு லேடீஸ் பக்கம் பாக்கட்டும்" என்றார்.

அவ்வளவுதான் அக்கா. அதற்குத்தான் போன் போட்டேன். ஒரு நாற்காலிக்கு.

சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போனேன். எங்கப்பா சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எங்கம்மா பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் போன் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. எனக்குத் தனியாக போன் கிடையாது. எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போய் நின்று நூறு போட்டேன்.

"ஒரு ஆட்டோ சார். ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்துற ஆட்டோ. டிரைவர் குடிச்சிருக்காரு. மூணேகாலுக்கு ரயில்வே கேட் வழியா வரும்" என்றேன். வண்டி நம்பரும் சொன்னேன். அந்த வண்டி வந்த அன்றைக்கு எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான், நம்பர் மறக்குமா?

"உங்க பேரு என்னம்மா?"

சட்டென்று "பொதுமக்கள்" என்றேன்.

"பொதுமக்கள்னு ஒரு பேரா?" என்று அந்த ஆள் சிரித்தார். அன்றைக்கு ஒரே நாளில் இரண்டாவது தடவை என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கட் பண்ணிவிட்டேன்.

நடுரோட்டில் நிறுத்துவார்கள், நாலு பேர் முன்னால் திட்டுவார்கள், என்னை மாதிரி அவருக்கும் மூஞ்சி சுருங்கும், அப்புறம் விட்டுவிடுவார்கள். அவ்வளவுதான் நினைத்தேன். லைசென்ஸ், கோர்ட், ஆர்.டி.ஓ. எல்லாம் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு விஷயம். அந்த நம்பரை போனிலிருந்து அழிக்க மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் ஞாபகம் வந்து திருட்டுத்தனமாக எடுத்துப் பார்த்தால் லிஸ்டில் நூறு இல்லை. முந்தின நாள் சித்தி பேசினது இருக்கிறது, கேஸ் சிலிண்டர்க்காரன் பேசினது இருக்கிறது, அது மட்டும் இல்லை. ஓட்டை போன், எதையாவது தானாக அழித்துவிடும். என் நல்ல நேரம். எங்கம்மாவுக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாது, பச்சையை அமுக்குவாள், சிவப்பை அமுக்குவாள், அவ்வளவுதான். ரொம்ப அப்பாவி. அன்றையிலிருந்து அந்த போனை இடுப்பிலேயே சொருகிக்கொண்டு அலைகிறாள். ஏனென்று தெரியவில்லை.

என்ன சொன்னேன்? ரயில்வே கேட். கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பார்க்கப் போனேன். ஆமாம், பார்க்கப் போனேன். சைக்கிள் கடை ஓரம் நின்றேன். ஒரு எஸ்.ஐ., இரண்டு போலீஸ். எங்கப்பா வண்டி வந்தது. கை காட்டினார்கள், நின்றது. ஊதச் சொன்னார்கள். எங்கப்பா, "பலூன் ஏதும் இல்லையா சார்?" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுத்தான் ஊதினார். முப்பதுக்கு மேல் போனால் கேஸாம். அவருக்கு நூற்றுப் பதினெட்டு. எஸ்.ஐ. சத்தமாகப் படித்தார்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஜெமி, ஒண்ணாவது படிக்கிறது, "மாமா, நூத்துக்கு மேலயா எடுத்தீங்க? ஃபர்ஸ்ட் ரேங்கா?" என்று கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை.

பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டார்கள். பையும் தண்ணி பாட்டிலுமாக ஏழும் ரோட்டோரம் வரிசையாக நின்றன. சின்னது ஒன்று அழ ஆரம்பித்தது. எங்கப்பாவை ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். நான் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட முகம்தான், சுருங்கித்தான் போயிருந்தது. ஆனால் அவர் என்னைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் என்ன செய்தார் தெரியுமா அக்கா? சிரித்தார்.

"பிரியா! நல்லவேளை நீ வந்தே. பிள்ளைங்களை வீட்டுல விட்டுரும்மா. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ. கேட்டு தாண்டும்போது ரெண்டு பக்கமும் பாரு."

நல்லவேளை நீ வந்தே. அந்த வார்த்தை.

ஏழு பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போனேன். ஆறு வீடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, அப்பாவைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று சொன்னேன். "ஐயையோ, காசி அண்ணனையா? எந்தப் பாவி சொன்னான்?" என்றாள் ஒருத்தி. "நாளைக்கு வேன்காரன் நேரத்துக்கு வரமாட்டானே" என்றாள் ஒருத்தி. எங்கப்பா குடித்திருந்தாரா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள், தெரிந்ததுதானே. கடைசி வீடு ஜெமி வீடு. அவள் அம்மா எஸ்தர் சித்தி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டது. அப்புறம், "யாரு சொன்னாங்களோ, அவங்க நல்லா இருக்கணும்" என்றது. மெதுவாகத்தான் சொன்னது. நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடி வந்துவிட்டேன்.

அந்த ஜெமியின் அப்பாதான் நான் முதலில் சொன்ன ஆள். எங்கள் ஸ்டாண்டில்தான் அவரும் ஓட்டுகிறார். முன்னால் தங்கவேல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சபையில் சேர்ந்து தானியேல் ஆகிவிட்டார். குடியை விட்டுவிட்டார், பீடியை விட்டுவிட்டார், மற்றவர்களையும் விடச் சொல்லிச் சொல்லித் தொல்லை கொடுப்பார். எனக்குச் சித்தப்பா முறை மாதிரி. நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், கோர்ட்டுக்கு வருகிற ஆள்தானே. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் டாக்டர் சர்டிபிகேட் வாங்கினார்கள். ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர் போய் ஜாமீன் கையெழுத்துப் போட்டார்கள். வண்டி பன்னிரண்டு நாள் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நின்றது. லைசென்ஸைப் பிடுங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பிவிட்டார்கள். உன் லைசென்ஸை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்று அங்கிருந்து தனியாக ஒரு கடிதம். எங்கப்பா அதை என்னிடம் கொடுத்து, "படிச்சுச் சொல்லு" என்றார். நான் படித்துச் சொன்னேன். "ஏன் நிறுத்தக் கூடாதுன்னு கேக்குறாங்களே, இதுக்கு என்னன்னு பதில் எழுதுறது?" என்று என்னையே கேட்டார். ஸ்கூலில் அவர் வண்டி நம்பரை அடித்துவிட்டார்கள். அந்த ஏழு பிள்ளைகளும் இப்போது வேனில் போகின்றன.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். குடிக்கிறாரா என்றால், இப்போது மத்தியானம் இல்லை, காலையிலேயே. வண்டி ஓட்ட வேண்டாமே. என்னத்தைச் சொல்வது.

இனிமேல்தான் முக்கியம். ஸ்டாண்டில் தலைவர் ராமசுப்பு. ஜாமீனுக்குப் போனபோது, யாரோ போனில் நம்பரோடு சொன்னார்கள் என்று மட்டும் ஸ்டேஷனில் காதில் விழுந்ததாம், அதை வைத்து அவர் ஒரு முடிவு செய்தார். "நம்ம ஆளு ஒருத்தன்தான் போட்டுக் குடுத்திருக்கான். நேரம் சொல்லி, ரயில்வே கேட்டுன்னு சொல்லி, நம்பர் சொல்லி வேற எவன் சொல்லுவான்?" என்றார். எங்கள் ஸ்டாண்டில் ஏதாவது தகராறு என்றால் போலீசுக்கெல்லாம் போக மாட்டார்கள். ஸ்டாண்டுப் பிள்ளையார் முன்னால் சூடம் ஏற்றுவார்கள். ஒவ்வொருவராக வந்து, நான் செய்யவில்லை என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய் சொல்லி அணைத்தால் அந்தக் கை ஸ்டியரிங் பிடிக்காது என்று நம்பிக்கை. பயங்கர பயம் எல்லாருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்றினார்கள். எங்கப்பாவுக்கு டீ கொண்டுபோன சாக்கில் நானும் எங்கம்மாவும் ஓரமாக நின்றோம். ஸ்டாண்டில் மொத்தம் பத்து வண்டி. எங்கப்பாவை விட்டால் ஒன்பது பேர். எட்டு பேர் அணைத்தார்கள். சவரிமுத்து அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டே அணைத்தார். கடைசியில் தானியேல் சித்தப்பா.

"நான் சூடம் அணைக்க மாட்டேன்ணே. எங்க சபையில அது கூடாது. ஆண்டவர் பேருல சொல்றேன், நான் சொல்லலை."

"அதெல்லாம் இங்க செல்லாது தங்கவேலு" என்றார் ராமசுப்பு.

"தானியேல்ணே."

"வேலோ ஏலோ, எதுவா வேணா இரு. ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் ஆயுத பூஜைக்கு இதே பிள்ளையாருக்குச் சூடம் ஏத்துனவன் நீதானடா. சூடம் உனக்குச் சுடாது, எங்களுக்குத்தான் சுடும், அப்படியா?"

"சவரிமுத்துவுக்கு இல்லாத ஆண்டவரா உனக்கு மட்டும்?" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் எங்கப்பா எழுந்து வந்தார். "டேய், போன மாசம் நீ எங்கிட்ட வந்து சொன்னியா இல்லையா? பிள்ளைங்களை ஏத்துறப்ப மட்டும் குடிக்காதீங்கண்ணேன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்ணே."

"அன்னைக்கு மத்தியானம் பஸ் ஸ்டாப்புல நின்னு போன் பேசிட்டிருந்தியா இல்லையா?"

"சபைக்குப் பேசினேன்ணே."

"அப்ப அணை. அணைச்சிட்டுப் போயிரு. நான் நம்புறேன்."

சூடம் எரிந்துகொண்டிருந்தது. தானியேல் சித்தப்பா அதைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அணைத்திருக்கலாம் அக்கா. ஒரு தட்டு. அவ்வளவுதான். ஒரு தட்டில் முடிந்திருக்கும்.

"நான் சொல்லலைண்ணே" என்றார். "ஆனா சொல்லியிருக்கணும். என் பொண்ணு உங்க பக்கத்துலதான் உக்காந்துட்டுப் போச்சு. தெரிஞ்சே அனுப்பினேன். சொல்லாம இருந்ததுதான் என் தப்பு."

அதற்கப்புறம் யாரும் அவரைப் பேச விடவில்லை. சூடம் தானாகவே எரிந்து முடிந்துவிட்டது.

நான் அங்கேயேதான் நின்றேன். வாயைத் திறக்கப் போனேன், நிஜமாக. எங்கம்மா என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். "அடுப்புல பால் வெச்சிட்டு வந்தேன்டி, வா" என்றாள். வீட்டுக்குப் போனால் அடுப்பே எரியவில்லை. பாலும் இல்லை. மறதி ஜாஸ்தியாகிவிட்டது அவளுக்கு.

இருங்கள்.

கூப்பிடுகிறார்கள். "காசிராஜன்... காசிராஜன்... காசிராஜன்..." ஒரு தடவை கூப்பிட்டால் போதாதா, செவிடா அவர்? போகிறார் பாருங்கள். சட்டையை இழுத்து விட்டுக்கொள்கிறார். என்னைப் பார்த்து, போயிட்டு வந்துடறேன் என்று தலையாட்டுகிறார். நானும் ஆட்டிவிட்டேன். என்ன பெண் நான்.

உள்ளே போனதும் குற்றத்தை ஒத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் வக்கீல். இல்லை என்றால் வாய்தா வாய்தாவாக இழுக்கும். ஒத்துக்கொண்டால் இன்றைக்கே முடிந்துவிடும். எவ்வளவு சுலபம் பாருங்கள். ஒத்துக்கொண்டால் முடிந்துவிடும்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். தானியேல் சித்தப்பாவை வரிசையில் நிற்க விடவில்லை. ஸ்டாண்டு போர்டில் நம்பர் இருக்கும், அந்த வரிசைப்படிதான் சவாரி. அவருடையது ஏழாவது. அவர் முறை வந்தால் எட்டாவது வண்டியை முன்னால் எடுத்துவிடுவார்கள். நாலு நாள் நின்று பார்த்தார், அப்புறம் வருவதில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சுற்றி ஓட்டுகிறார். அங்கே இருக்கிற ஸ்டாண்டுக்காரர்கள் விரட்டுகிறார்கள். எங்கம்மா ஒருநாள் எஸ்தர் சித்தி வீட்டுக்குத் தூக்கு நிறைய மாவு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள், எங்கப்பாவுக்குத் தெரியாமல். எதுக்கும்மா என்று நான் கேட்டதற்கு, "மீந்துச்சு" என்றாள். எங்கம்மாவுக்கு யாரைப் பார்த்தாலும் இரக்கம்.

போன வாரம் சித்தப்பா கடைக்கு வந்தார். ஜெமிக்கு ஷூ வாங்க. வேறு பெண் இருந்தாள், ஆனால் அந்தப் பிள்ளை நேராக என்னிடம் வந்து, "அக்கா, நீதான் போட்டுவிடணும்" என்று காலை நீட்டிவிட்டது. நான் கீழே உட்கார்ந்து சாக்ஸை இழுத்துவிட்டேன். சித்தப்பா மேலே நின்றுகொண்டு, "அப்பா எப்படிம்மா இருக்காரு?" என்றார்.

"இருக்காரு சித்தப்பா."

"காலையிலயே குடிக்கிறாராமே. பாத்துக்கோம்மா."

நான் லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தேன்.

"பிரியா, நான் சொல்லலைம்மா. ஸ்டாண்டுல நம்பாட்டிப் போறாங்க. நீயாச்சும் நம்பு."

"நம்புறேன் சித்தப்பா" என்றேன்.

நம்புறேனாம்! எனக்குத் தெரியும் சித்தப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஷூ சரியாக இருக்கிறதா என்று கட்டைவிரலை அமுக்கிப் பார்த்தேன். அவர் சந்தோஷமாகப் போனார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தீர்கள் என்றால் நீங்களே என்னை அறைந்திருப்பீர்கள்.

இப்போது சாயங்காலம் ஏழாவது நம்பரை அழித்துவிட்டு ராமசுப்புவின் அக்கா மகன் வண்டி நம்பரை எழுதப் போகிறார்கள். புது வண்டி, போன வாரம்தான் வாங்கியிருக்கிறான். எழுதிவிட்டால் எழுதினதுதான். எங்கள் ஸ்டாண்டில் ஒரு தடவை போன நம்பர் திரும்பி வந்ததே இல்லை. ஆனால் எங்கப்பா வந்து, சரி, எழுதுங்கள் என்று வாயால் சொல்ல வேண்டுமாம். அவருக்காகத்தானே செய்கிறார்களாம், நியாயம். காலையில் ராமசுப்பு போனில், "காசி, நீ கோர்ட்டு முடிச்சிட்டு நேரா இங்க வா. நீ வந்ததும் எழுதுறோம்" என்றார். எங்கப்பா சரி என்றுவிட்டார்.

அதான், சொல்லிவிடு என்கிறீர்கள். சொல்வது சுலபம் அக்கா. எங்கப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. எதையும் உட்கார்ந்து கேட்கிற ஆள் கிடையாது. பிடிக்காத பேச்சு ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவார். நான் ஃபெயில் என்று சொன்னபோதுகூட, "ம்" என்று எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இல்லையென்றால் கை நீளும். என்னை அடித்தால் பரவாயில்லை. போன் எங்கம்மாவுடையது. நீயும் சேர்ந்துதான் செய்தாயா என்று அவளை அடிப்பார். எதுவும் தெரியாத பெண்பிள்ளை.

எங்கம்மா வருகிறாள். கொஞ்சம் சும்மா இருங்கள்.

...

போய்விட்டாள். பணம் கட்டுகிற இடத்துக்கு. கேட்டீர்களா? ஒத்துக்கொண்டாராம். பத்தாயிரம் அபராதம். லைசென்ஸ் ஆறு மாசம் கிடையாது, அதை ஆர்.டி.ஓ. ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்களாம். அப்புறம் ஜட்ஜம்மா, "பிள்ளைங்களை வெச்சுக்கிட்டா குடிச்சீங்க?" என்று கேட்டதாம். எங்கப்பா, "ஆமாங்கம்மா" என்று மட்டும் சொன்னாராம். அதற்குத் தனியாக ஒரு தண்டனை. கோர்ட் கலையும் வரை சிறை. சிறை என்றால் ஜெயில் இல்லை. கோர்ட்டுக்குள்ளேயே, பின் பெஞ்சில், சாயங்காலம் ஜட்ஜம்மா எழுந்து போகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே வரக்கூடாது.

எங்கம்மா என்ன சொன்னாள், கேட்டீர்களா? என்னைப் பார்த்து, "என்னடி மூஞ்சி இப்படி இருக்கு? பேசாம வீட்டுக்குப் போ. ஒண்ணும் பேசாத. எல்லாம் முடிஞ்சிருச்சு, பேசுறதுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். நான் எங்கே பேசினேன்? வாயே திறக்கவில்லையே. என் கன்னத்தைத் தொட்டுவிட்டு வேறு போகிறாள். ஒரு மாதிரிதான் இருக்கிறாள் இப்போதெல்லாம்.

இந்த ஜன்னல் வழியாக எட்டிப் பாருங்கள் அக்கா. தெரிகிறதா? கடைசி பெஞ்சு, சுவர் ஓரம். ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் பேப்பர் படிக்கிறார். எங்கப்பா முழங்காலில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஸ்கூல் பிள்ளை மாதிரி. போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள் போல. அவர் இப்படி ஒரே இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

எழுந்து போக முடியாது.

அக்கா, அவரால் இன்றைக்கு எழுந்து போக முடியாது. கோபம் வந்தாலும் கத்த முடியாது. கை ஓங்க முடியாது, எதிரே ஜட்ஜம்மா. சாயங்காலம் வரைக்கும் அவர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். நான் என்ன சொன்னாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். கலைந்து வெளியே வருவதற்குள் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும். ஆறாமலும் இருக்கலாம். ஆனால் ஸ்டாண்டுக்குப் போகும்போது தெரிந்துகொண்டு போவார்.

பெற்றவர்கள் பக்கத்தில் போய் உட்காரலாம்தானே? சத்தம் போட்டால்தான் பேர் கூப்பிடுகிற டவாலி விரட்டுவார். மெதுவாகப் பேசினால் விடுவார்.

போன் போட்டது நான் என்று சொல்ல முடியும். அது ஒரு வரி. ஏன் போட்டாய் என்று கேட்பார். அங்கேதான். பிள்ளைகளுக்காக என்று சொன்னால் எங்கப்பா மன்னித்துவிடுவார் அக்கா. எனக்குத் தெரியும். என் பொண்ணு நல்லதுதான் செய்தாள் என்று ஊரெல்லாம் சொன்னாலும் சொல்வார். ராமசுப்புகூடத் தலையாட்டிவிட்டுப் போவார். நான் நல்ல பெண் ஆகிவிடுவேன். தானியேல் சித்தப்பாவுக்கு நம்பர் திரும்பக் கிடைக்கும். எல்லாம் அழகாக முடிந்துவிடும்.

அப்படிச் சொல்ல மாட்டேன். ஒத்தைக் கால் செருப்பு என்று சொன்னீர்களே அப்பா, எல்லாரும் சிரித்தார்களே, அதற்காகத்தான் என்று சொல்வேன். அவருக்கு அது ஞாபகமே இருக்காது. ஞாபகப்படுத்திச் சொல்வேன்.

தண்ணி இருக்கிறதா? வேண்டாம், விடுங்கள், குடித்தால் இன்னும் நேரமாகும்.

என்னைப் பார்த்துவிட்டார். ஜன்னல் பக்கம் பார்க்கிறார் பாருங்கள். கையைக் காட்டிக் கூப்பிடுகிறார், உள்ளே வா என்று. போலீஸ்காரரிடம் ஏதோ கேட்கிறார். என் பொண்ணு என்று சொல்கிறார் போல.

தள்ளி உட்கார்ந்து இடம் விடுகிறார்.

போகிறேன் அக்கா.